குறிப்பு

சீவலப்பேரி நீரேற்று நிலையம்.
சித்திரை பதினாலு, காலை ஆறு மணி.
உறைகிணற்றில் ஒன்பதடி.
நேற்றைவிட நாலு விரல் கீழே.

பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
மோட்டார் பழுதானால் மட்டும் நிரப்பச் சொன்னார்கள்.
மோட்டார் ஓடுகிறது. நிரப்புகிறேன்:

பொடுதலை மணலை விட்டு
ஈரத்தைத் தேடி இறங்கிவிட்டது.
அதன் பூவில் ஒரு நீலச் சிறகு,
என் சுண்டுவிரல் நகத்தளவு.
எருக்கில் வரிப்புழு பதினொன்று;
நேற்று பதிமூன்று. குளவி வந்து போயிருக்கிறது.
ஆறு இப்போது மூன்று கயிறு.
நடுக்கயிற்றின் மேல் நீர்ப்பூச்சிகள்
நின்ற இடத்தில் நிற்பதற்கே
துடுப்புப் போட்டபடி.

பத்து மணிக்குப் பாறை சுட்டது.
மோட்டார் அறை நிழலில் குழியானைக் குழி.
கட்டெறும்பு ஒன்றைத் தள்ளிவிடலாமா என்று
வெகுநேரம் குந்தியிருந்தேன்.
தள்ளவில்லை.
அதுவே விழுந்தது.

ஏ.இ. ஞானதிரவியம் பதிவேட்டைப் புரட்டினார்.
"என்னம்மா இது, புழுக்கணக்கு?"
"ஆத்துக் கணக்குதான் சார்."

வெளியே
கழுவித் துடைத்த அவர் ஜீப்பின் முகப்பில்
ஒரு தட்டான்
வால்நுனியால் தொட்டுத் தொட்டு எழுந்தது,
தகரத்தின் பளபளப்பைத் தண்ணீரென்று நம்பி
முட்டையிட்டுக்கொண்டு.

இருவரும் பார்த்தோம்.
எடுத்த சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.
"நிழல்ல விட்டிருக்கணும்லா" என்றார்,
என்னிடம் இல்லை.

மாலை ஆறு மணி.
எட்டடி பத்து அங்குலம்.
குறிப்பு: ஜீப்பின் மேல் முட்டைகள்.
எண்ணவில்லை.