கல்லான எண்ணெய்

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது.
பாட்டிலைக் கவிழ்த்தேன், தட்டினேன்,
உள்ளங்கையில் ஒரு சொட்டும் இல்லை.
இருபத்திரண்டு வருஷம் கடற்கரையில் இருந்தவள்,
எண்ணெய் என்றால் ஒழுகும் என்றே நினைத்திருந்தேன்.

"சளி, சளி" என்றாள்
போர்வைக்குள்ளிருந்து முனிரத்னா.
மாத்திரை வேணுமா என்றேன்.
அவள் சிரித்ததில் கட்டில் ஆடியது.
அவள் வீட்டுக் கன்னடத்தில்
குளிருக்கே அதுதான் பெயராம்.
எங்களுக்கு மூக்கில் வருவது
இவர்களுக்கு வானத்திலிருந்து வருகிறது.

நேற்று வரை இல்லை.
ராத்திரி மழை விட்டு நட்சத்திரம் தெரிந்தபோதே
"இன்னிக்கு இறங்கும்" என்றார் வார்டன்.
இறங்கியிருக்கிறது.
வாளித் தண்ணீரை ஒற்றை விரலால் தொட்டு
முகம் மட்டும் போதும் என்று
ஏழு பேரும் ஏகமனதாய் முடிவெடுத்தோம்.

நாலே முக்காலுக்கு மத்திகிரி முக்கில்
கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறோம்.
வாய் திறந்தால் புகை.
ஹா என்றேன். இன்னொரு ஹா.
ஜெசிந்தா என்று என் பெயரைச் சொன்னேன்,
வெள்ளையாய் வந்து கலைந்தது.
மப்ளருக்குள் கண் மட்டும் தெரிகிற கெம்பண்ணா
ஹாரன் அடிக்கிறார்.
இருங்கண்ணா, இன்னும் ஒரே ஒரு வார்த்தை:
பெரியதாழை.
அது கொஞ்சம் நீளமாகப் போனது.

கண்ணாடியை மூடச் சொல்லிப் பின்சீட்டில் சண்டை.
விரல் நுழையும் அளவு திறந்தே வைத்தேன்.
ரோஜாக் கொட்டகைகள், முட்டைக்கோஸ்,
மலைக்கோயில் இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
காது மரத்து, யாருடைய காதோ போலிருந்தது.
பிடித்திருந்தது.

இடைவேளையில் அம்மா.
"கடல் சரியில்ல, நாலு நாளா வள்ளம் இறங்கல."
இங்க எண்ணெய் கல்லாப் போச்சும்மா.
"என்னட்டி சொல்லுத? கலப்படமா இருக்கும்,
கடைக்காரன்ட்ட திருப்பிக் குடு."
நீ ஆட்டிக் குடுத்துவிட்டதுதாம்மா அது.
சத்தமே இல்லை கொஞ்ச நேரம்.
காற்று மட்டும் போனுக்குள் இரைந்தது.
பிறகு, ரகசியம் கேட்பவள் போல,
"அம்புட்டுக் குளிரா?"

ஷிப்ட் முடிந்து வந்தால்
ஜன்னல் திட்டில் இளவெயில்.
பாட்டிலில் பாதி இளகி
நடுவே ஒரு வெள்ளைத் துண்டு
எந்தப் பக்கமும் ஒட்டாமல் மிதந்தது.
முனிரத்னா குலுக்கப் போனாள்.
கையைப் பிடித்துக்கொண்டேன்.
நாளைக்கும் உறையுமா என்றேன்.