கட்டைவிரல்

பாகாயம் வார்டில் ஒன்பதாம் நாள்
கை நடுக்கம் நின்றது.
டம்ளர் தண்ணீர் சிந்தாமல் வாய்க்கு வந்தது.
சுகுணா அழுதாள்.
கட்டைவிரலை யாரும் பார்க்கவில்லை.

போர்வைக்குள் அது
இல்லாத போனில்
இல்லாத சீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது.

எப்சிபா மேடம்தான் கேட்டார்,
நோட்டிலிருந்து தலை தூக்காமல்:
குடிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி
இன்னா பண்ணிகினு இருப்ப?

எத்தனை குவார்ட்டர், எத்தனை வருஷம்,
ஈரல் எப்படி இருக்கு,
அதுவரை எல்லாரும் கேட்டது அவ்வளவுதான்.

சொன்னேன்.
ராணிப்பேட்டை தோல் கம்பெனி, நைட் ஷிப்ட்,
சுண்ணாம்புத் தொட்டி ஓரம் பத்து நிமிஷ பிரேக்.
ரம்மி. இருநூறு ரூபாய்.
தோற்றால் குடிக்க ஒரு காரணம்,
குடித்தால் கை தாராளம், ஐநூறு.
ஒருநாள் பதினோராயிரம் ஜெயித்தேன்.
அன்றைக்குத்தான் ரோட்டில் கிடந்தேன்.
பிறகு பாப்பாவின் காதுகுத்துப் பணம்,
மூணு நம்பர் சீட்டு,
மாமனாருக்கு நெஞ்சுவலி என்று
சூப்பர்வைசரிடம் நாலாயிரம்.
மறுமாசம் அவர் நெஞ்சுவலியில்தான் போனார்.
சாவு வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை,
குடித்தேன்.

பக்கத்துக் கட்டில் நஸ்ருல்லா எழுந்து உட்கார்ந்தான்:
அண்ணே, நான் கஞ்சாவ வுட்டு ஆறு மாசம்,
கிரிக்கெட் பெட்டு வுடல,
அதான் மறுபடியும் இங்க.

ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கணும் என்றார் மேடம்.
என் தாளில் இன்னொரு கோடு கிழித்தார்.

பட்டன் போன். சம்பளம் சுகுணா கணக்குக்கு.
ஆசை வந்தால் மணி பார்த்து எழுது, வேறெதுவும் வேண்டாம்.
இருபது நிமிஷம் தாண்டாது என்றார்.
ஜன்னலில் நின்றேன்.
ஆரணி பஸ் மூன்று போனது.
இருபத்தாறு நிமிஷம் ஆனது, எழுதினேன்.
சிரித்தார், பரவாயில்ல என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் மாசம்
மச்சான் போனில் நாற்பது ரூபாய்.
நாற்பதுதான்.
குடிக்கவில்லை, ஆனால்
கடை வாசல் வரை கால் தானாகப் போனது.
அப்போதுதான் புரிந்தது
அவர் ஏன் அந்த அரை மணியைக் கேட்டார் என்று.
வியாழக்கிழமை கூட்டத்தில் நானே சொன்னேன்.
யாரும் கைதட்டவில்லை. நல்லது.

சுகுணா இன்னும்
பர்ஸைத் தலையணைக்கு அடியில்தான் வைக்கிறாள்.
வைக்கட்டும்.
தூக்கத்தில் என் கை அந்தப் பக்கம் வந்தால்
அடித்து எழுப்பு என்று
சொல்லியிருக்கிறேன்.
இரண்டு முறை எழுப்பியிருக்கிறாள்.
ஒருமுறை
நான் போர்வையைத்தான் தேடினேன்.