நாற்பத்தியொரு கரண்டி

தீர்மானப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
அதில் எழுதியிருப்பது இவ்வளவே:
மகளிர் குழு ஆண்டுக் கூட்டம், பொன்மனை.
வருகை முப்பத்தெட்டு.
பப்படம் நூறு ரூபாய், உப்பு பத்து, தீப்பெட்டி இரண்டு.
ஆக மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

மற்றதற்கு அதில் கட்டம் இல்லை.

ஆனி மழை. ஒன்பது நாளாய்ப் பால்வெட்டு இல்லை.
ரப்பர் மரந்தோறும் சிரட்டைகள்
மழைவெள்ளம் ஏந்தி வெறுமனே நின்றன.
பேக்கரியில் பப்ஸ் விலை கேட்டு வந்த விஜிலா
குடையை மடக்கினாள், வாயைத் திறக்கவில்லை.
"கஞ்சி வைப்போம்" என்றாள் ஓமனா.
"ஆண்டுக் கூட்டத்துக்குக் கஞ்சியா?"
"ஏன், போன வருஷ கேக்க
இப்பவும் நாக்குல வச்சிருக்கியா நீ?"

ஆளுக்கு ஒரு நாழி சிவப்பரிசி.
சிறுபயறை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும்,
அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற மணம் வரும்வரை.
தேங்காய், காந்தாரி, சின்ன உள்ளி, துளிப் புளி,
அம்மியில் வெள்ளம் தொடாமல் சதைக்க வேண்டும்,
அரைக்கக் கூடாது. சதைக்க.
இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.
கஞ்சி தானே வேகும்,
நாம் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

கரண்டிக்குத்தான் முட்டியது.
அப்போது யாரோ மேலே பார்த்தார்கள்.
தலைக்கு மேலே பிலாவு
மழை சொட்டிக்கொண்டு நின்றது.

தளிர் துவளும், பழுத்தது கீறும்.
நடுவயசு இலையாகப் பறி.
("நம்மளப் போல" என்றாள் ஓமனா,
நாற்பத்தாறு வயசுக்காரி.)
காம்புப் பக்கம் இரண்டு ஓரத்தையும்
ஒன்றின்மேல் ஒன்றாய் மடக்கி
ஈர்க்கில் ஒன்று குத்தி எடு.
அவ்வளவுதான்.
குழிந்துவிட்டது, கஞ்சி நிற்கும்.

எமரன்சியாவின் முதல் கரண்டி ஒழுகியது.
முட்டத்திலிருந்து கட்டி வந்தவள்,
வலைக் கண்ணை இருட்டிலும் முடிவாள்,
இலை அவள் கைக்குப் புதுசு.
இரண்டாவதுக்கு இரண்டு ஈர்க்கில் குத்தினாள்,
ஒன்றுக்குக் குறுக்கே ஒன்று.
அதில் கடலே நிற்கும் என்று தோன்றியது.
பொதியைப் பிரித்தாள்: காய்ந்த நெத்தோலி.
கனலில் சுட்டு, தேங்காயோடு நொறுக்கி
எல்லார் தட்டிலும் ஒரு நுள்ளு வைத்தாள்.
மழைக்குள் ஒரு கடற்கரை வந்து போயிற்று.

இனி சொல்ல யோசித்தது.
தாசம்மாளும் சுகதகுமாரியும் பேச்சு இல்லை.
ஆறாயிரம் கடன். வாங்கியவள் ஒருத்தி,
ஜாமீன் நின்றவள் மற்றவள்,
மூன்றாம் தவணை யார் வீட்டுக்கும் வரவில்லை.
அன்று இடம் இல்லாமல்
ஒரே சாக்கில் உட்கார வேண்டியதாயிற்று.
இவள் ஈர்க்கில் சீவினாள்,
அவள் இலை மடக்கினாள்.
சீவியதைத் தரையில் வைத்தாள்,
கையில் கொடுக்கவில்லை.
தரையிலிருந்து எடுத்தாள்,
முகத்தைப் பார்க்கவில்லை.
இப்படியே நாற்பத்தியொரு கரண்டி.

"உப்பு பத்துமா?" என்றாள் தாசம்மாள்
கூரையைப் பார்த்து.
"பத்தாது" என்றாள் சுகதகுமாரி
அடுப்பைப் பார்த்து.
உண்மையில் பத்தவில்லைதான்.

வங்கி அதிகாரி வரவில்லை.
அவருக்கென்று வைத்த பெரிய கரண்டியையும்
மிச்சம் இரண்டையும் பிள்ளைகள்
ஓடைவெள்ளத்தில் படகு விட்டார்கள்.
ஒன்று மட்டும் கலுங்கு தாண்டியது.
எமரன்சியாவின் கையாக இருக்கும்.

கழுவ ஒரு கரண்டி கிடையாது.
ஓமனாவின் ஆடு கயிற்றை இழுத்துக் கத்தியது.
ஈர்க்கில் தொண்டையில் குத்தும் என்று
சுகதகுமாரி ஒவ்வொன்றாய் உருவினாள்,
தாசம்மாள் இலையை ஆட்டுக்கு நீட்டினாள்.
நான் கணக்குப்பிள்ளை,
பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருந்தேன்:
முப்பத்தெட்டு இலை ஆட்டுக்கு,
முப்பத்தொன்பது ஈர்க்கில்
சுகதகுமாரியின் முந்தானை முடிச்சில்.

கடன் அப்படியே இருக்கிறது.
தவணை செவ்வாய்க்கிழமை.