தீ, தா, தூ

ஓல்டன் ரயில் நிலையத்தின் மேல்மாடி உணவகத்தில்
வியாழன்தோறும் ஏழு மணிக்கு
லொஜ்பான் படிக்கிறோம், நாலு பேர்.
யாருக்கும் தாய்மொழி அல்லாத மொழி.
ஒருவரும் அதில் அழுது பிறக்கவில்லை,
ஒருவரும் அதில் இன்னும் கடன் கேட்கவில்லை.

இன்றைக்குச் சுட்டு.
பெயாட் தன் கோப்பையைக் காட்டி, தீ என்கிறான்.
ரேகுலாவின் முழங்கையடியில் கிடக்கும்
சீனிப் பொட்டலத்துக்கு, தா.
கண்ணாடிக்கு வெளியே
அரைமணியாக நகராமல் நிற்கும்
சரக்கு வண்டிக்கு, தூ.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்ன என்று கேட்டார்கள்.
எப்படிச் சொல்ல,
என்னருகில் இருப்பது நெருப்பு,
உன்னருகில் இருப்பதைத்தான் தா என்று கேட்கமுடியும்,
எட்டத்தில் உள்ளதைத் துப்பிவிடலாம் என்று?
ஜெர்மனில் சொல்லி முடிக்குமுன்
ஆறிப்போனது,
கோப்பியும்.

ரேகுலாவுக்கு நடுச்சொல் பிடிபடவில்லை.
அவளுக்கு எல்லாமே தாஸ்.
மேசையில் இருந்தாலும் தாஸ், மலையில் இருந்தாலும் தாஸ்.
பெட்டி கழுவும் வேலைக்கு நான் போடும் தொப்பியைக் காட்டி
தூ என்றாள்.
தொப்பி என் மடியில் இருந்தது.
"நான் அவ்வளவு தூரமா?" என்றேன்.

எனக்கு ஒரு முறையும் பிசகவில்லை.
உது என்று ஒரு சொல் இருக்கிறது.
உன் கைக்கு எட்டும், என் கைக்கு எட்டாது.
வடமராட்சியில் அதை யாரும் படிப்பித்ததில்லை.
"உதைக் கீழை வை" என்ற அதட்டலோடு
தானாக ஒட்டிக்கொள்வது.

இளம்பரிதி ஈரோட்டுக்காரன்.
அவனுக்கு உகரச் சுட்டு
தேர்வுக்கு முதல்நாள் பாடமாக்கி
மறுநாள் மறந்த ஒரு வரி.
"உதை எடு" என்றால்
"உதையா? யாருக்கு?" என்று காலைத் தூக்குவான்.
முதல் வருசம் சிரித்தேன்.
பிறகு நானும் "அதை எடு" என்று பழகினேன்,
அவன் கையில் இருப்பதையே
ஆற்றுக்கு அப்பால் இருப்பதுபோல.
பதினோரு வருசம்.

அடுத்த பாடம் கடினம்.
கோடையோடு இந்த உணவகத்தை மூடுகிறார்கள்
என்றான் பெயாட், லொஜ்பானில்.
நானும் லொஜ்பானில், தீ கெட்டது என்றேன்.
தலையை ஆட்டினான், இல்லை.
தீ, விரலால் காட்டக்கூடியதற்கு மட்டும்.
சொல்லப்பட்டதை எந்த விரலும் காட்டாது.
அதற்குத் திஹு.
ஆனால் திஹு கெட்டது என்றால்
அவன் வாக்கியம் கெட்டது என்றாகும்.
வாக்கியத்துக்குள் இருக்கும் சங்கதிதான் கெட்டதென்றால்
முன்னால் ஒரு லஹெ வைக்கவேண்டும்.

ஞாயிறன்று நான் சொன்னேன்,
பாசலுக்கு நீ மட்டும் போ, என்னால் ஏலாது.
"அது சரி" என்றான்.
எது?
போவதா, ஏலாததா,
நான் சொன்ன விதமா,
இல்லை, வெறும் வாக்கியமா?
திஹுவா, லஹெ திஹுவா என்று
அன்றைக்குக் கேட்க எனக்குச் சொல் இல்லை.
சட்டைகளை மடித்துக்கொடுத்தேன்.

படியிறங்கி வந்தால் மழை.
ஒரு காலத்தில் ரயில் தூரமெல்லாம்
எண்ணத் தொடங்கிய சுழியக் கல்
ஓரமாக நனைந்துகொண்டிருந்தது.
கல்லுக்கு இஞ்சை உண்டு, அங்கை உண்டு.
எதிரில் ஆளில்லாததால்
உங்கை இல்லை.

கைப்பேசி அடித்தது. பாசல்.
தொலைபேசியில் தா செல்லாது என்று
பெயாட் சொல்லியிருந்தான்.
விரல் தெரியாதே.
அந்த இடத்தில் எங்கள் சொல்லுக்கு
கை கொஞ்சம் நீளம்.

முதலில் மூச்சு மட்டும் வந்தது.
பிறகு, ஒத்திகை பார்த்தவன்போல,
"உங்க மழையா?" என்றான்.

ஐகாரம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.
கேட்டது நான் நிற்கும் இடத்து மழையையா,
என் மழையையா?
திருத்தப் போய், விட்டுவிட்டேன்.
தொப்பியால் முகத்தைத் துடைத்தபடி
"ஓம்" என்றேன்.
"உங்கை?"