நாம் என்ற பிழை

மயூரதி பேய்க்கதை எழுதுகிறவள்.
கதையில் பேய் இருக்காது.
வினிபெக்கில் வெள்ளம் புகுந்த நிலவறைகளில்
காப்புறுதிக் கம்பனிக்காக ஈரம் அளப்பது தொழில்.
சுவரில் கருவியை அழுத்துவாள். எண் வரும். எழுதிக்கொள்வாள்.
கதையும் அப்படித்தான்.

முதல் புத்தகம் முழுக்க ஒரு வீட்டின் படிவம்.
அறைகள்: ஏழு. கதவுகள்: ஏழு.
பக்கத்தைப் புரட்டினால்
அறைகள்: எட்டு. கதவுகள்: ஏழு.
அறுபது பிரதி அடித்தோம், பதினொன்று போனது.
ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தார்,
எட்டாவது அறையின் நீள அகலத்தைப்
பென்சிலால் குறித்து.

இரண்டாவது, நாற்பது பக்கத்துக்கு ஒரே வாக்கியம்.
வந்து, நின்று, சப்பாத்தைக் கழற்றாமல் படியேறி,
குனிந்து, முகர்ந்து, பிள்ளையின் போர்வையை விலக்கி,
என்று போய்க்கொண்டே இருக்கும்.
வினைமுற்றே கிடையாது.
"முடிச்சால் என்ன?" என்றேன்.
"முடிஞ்சிடுமே," என்றாள்
கோப்பிக்குள் சீனியைக் கலக்கியபடி.

நான் போர்டேஜ் அவென்யூவில் பஸ் ஓட்டுகிறேன்.
கடைசித் தரிப்பில் கிடைக்கும் பதினொரு நிமிடங்களில்
அவளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன்.
எழுத்துப்பிழை எனக்குப் பல்லிடுக்கில் சிக்கிய தும்பு.

போன மாசி. வெளியே மைனஸ் முப்பத்திநாலு.
மூன்றாவது கதை வந்தது.
நாங்கள் இந்த வீட்டில் இருக்கிறோம்.
நாங்கள் விளக்குப் போடுவதில்லை.
பசித்தாலும் நாங்கள் சொல்வதில்லை.
இருபத்தேழாம் பக்கத்தில், எந்த அறிவிப்பும் இல்லாமல்,
நாம் இந்த வீட்டில் இருக்கிறோம்.

கவனக்குறைவு என்று எண்ணி
சிவப்பு மையால் நாங்கள் ஆக்கினேன்.
அடுத்த வரியிலும். அதற்கடுத்ததிலும்.
முப்பத்தாறு இடம்.
ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கை மட்டும் குளிர்ந்தது.
அவ்வளவு அவசரமாக
நான் எதிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தேன்?

அவள் கோபிக்கவில்லை.
முப்பத்தைந்தைப் பழையபடி நாம் ஆக்கினாள்.
கடைசி வரியை மட்டும்
என் திருத்தத்தோடு விட்டுவைத்தாள்:
நாங்கள் கதவைப் பூட்டினோம்.
"இது என்ரையைவிட நல்லாயிருக்கு.
உள்ளே எல்லாரும். பூட்டுறதில மட்டும்
வாசிக்கிற ஆள் இல்லை."

புத்தகம் அச்சில். என் பெயர் பின்னட்டையில், சின்ன எழுத்தில்.
இன்றைக்குக் கடைசி பஸ்.
யாரும் ஏறவில்லை.
மணி அடிக்கிறது.
நான் கண்ணாடியைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து,
தரிப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து,