முன்பல்

குளிர்க்கிடங்கின் வெப்பநிலைப் படிவத்தைத் திருப்பி
அதன் முதுகில் எழுதினேன் கணக்கை.
கிரிம்ஸ்பி, ஜனவரி, இரவு ஷிஃப்ட்.
மைனஸ் இருபத்திரண்டில் பேனா உறைந்து
பவுண்டு என்ற சொல்லின் பாதியில் நின்றுவிட்டது.
மீதியைப் பென்சிலால் முடித்தேன்.

ஒரு பெட்டி பதினைந்து. நாளைக்கு ஒன்று.
வாரத்துக்கு நூற்றைந்து,
சனிக்கிழமை பப்பில் இரவல் கொடுத்தவை தனி.
ஆண்டுக்கு எவ்வளவு என்று பெருக்கி
உடனே அழித்தேன்.
அழித்த இடத்தில் அந்த எண்
இன்னும் தெரிகிறது.

இந்தப் பக்கம்
கருவி முப்பத்தெட்டு,
திரவமும் சுருளும் வாரத்துக்குப் பன்னிரண்டு.
முதல் மாதமே கருவி
காட் மீன் பெட்டிக்குள் விழுந்து
ஐஸோடு ஐஸாய் லாரி ஏறி
பர்மிங்காம் போய்ச் சேர்ந்தது.
மறுபடி முப்பத்தெட்டு.
சார்ஜர் மகனுடையது, அதை எழுதவில்லை.
எழுதச் சொன்னான்.

மாம்பழச் சுவை என்கிறது புட்டி.
டின்னில் வந்ததைத் தவிர
மாம்பழம் தின்றதில்லை நான்.
எனக்கு முன்பே என் நுரையீரல்
வெயில் தேசங்களுக்குப் போய்வருகிறது.

ரிமந்தாஸ் சுருட்டிப் பிடிப்பவன்.
லோடிங் கதவுக்கு வெளியே
கடல்காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்பான்.
எட்டு வருடம் அவன் காகிதத்துக்கு
என் லைட்டர்.
லித்துவேனியாவில் அவன் தங்கை வீடு கட்டும் கதையை
ஒரு சிகரெட்டுக்கு ஒரு சுவராகக் கேட்டுவந்தேன்.
கூரை போட்டார்களா, தெரியாது.
இப்போதெல்லாம் எனக்குக்
கழிப்பறையில் மூன்று இழுப்பு போதும்.
சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருந்தது,
விரல் சுட்டால் உள்ளே போக வேண்டும்.
இதற்கு முடிவில்லை,
இழுத்துக்கொண்டே இருக்கலாம்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது,
பற்றிலா வரவிலா?

மார்ச்சில் ஒருநாள் நடைவழியில் கேட்டான்:
"மிச்சம் பிடித்த பணம் எங்கே, ஜோஸ்லின்?"
தேடினேன்.
காஸ் மீட்டர் தின்றிருந்தது.
மகனின் பூட்ஸ் தின்றிருந்தது.
சொல்லாமல் போய்க்கொண்டிருந்த பணம்
இப்போது சொல்லிக்கொண்டு போகிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும்
தொண்ணூற்று மூன்று பவுண்டை எண்ணி
ஃப்ரீசரில், காலி மீன்விரல் அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன்.
வீட்டில் யாரும் மீன் தொடமாட்டார்கள்.
இருபத்து மூன்று வெள்ளிக்கிழமைகள்.
நோட்டுகள் விறைத்து
பிஸ்கட் போல ஒடியும் என்றிருந்தன.

டாக்டர் ஓயெலரன் என் வாய்க்குள் விளக்கடித்தார்.
முன்பல் போய் மூன்று வருடம்,
ஈறு இளகிய கதையில் புகைக்கும் பங்குண்டு என்றார்.
"இன்னும் பிடிக்கிறீர்களா?"
"இல்லை. மாம்பழம்."
அவர் சிரிக்கவில்லை.
எலும்பு திருகைப் பிடிக்கும்வரை
அதுவும் கூடாது.

ஆக, புகை பிடுங்கிய பல்லை
புகைக்காத காசு நடுகிறது.
நட்டமா லாபமா?
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

முதல் இரவே கை பரபரத்தது.
பத்து நிமிட இடைவேளையில்
போக இடமில்லாமல்
லோடிங் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.
ரிமந்தாஸ் பார்த்தான், பையைத் தடவினான்,
நான் தலையசைத்ததும்
காகிதத்தை உள்ளே வைத்து
காற்று வராத பக்கத்தை எனக்கு விட்டான்.

கூரை ஜூலையில் போட்டார்களாம்.
சிவப்பு ஓடு, விலை அதிகம்,
மைத்துனன் ஏணியிலிருந்து விழுந்து
எருக்குவியல்மேல் உட்கார்ந்தானாம்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
பல் இன்னும் வரவில்லை, திருகு மட்டும்தான்.
அந்த இடைவெளி வழியே
வட கடலின் காற்று உள்ளே போய் வந்தது,
இலவசமாக.

விரல்கள் மட்டும்
சட்டைப் பைக்குள்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.