மூன்றாம் குழு

காலை ஆறு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
தரிப்பிடத்தில் கார்கள் மூக்கிலிருந்து வயர் தொங்க
இரவு முழுக்க மின்சாரம் குடித்தபடி நிற்கின்றன.
சாஸ்கட்டூனில் இஞ்சினைக் காப்பாற்றுவது
உறைவதற்கு முன்னால் செய்கிற வேலை.

போன மாதம் நாற்பது எலிகள்.
ஐந்து குழு, குழுவுக்கு எட்டு.
முதலாவதுக்குச் சோள எண்ணெய் மட்டும்.
இரண்டாவதுக்குப் பனடோலில் உள்ள அதே மருந்து, அளவு மீறி.
மூன்றாவதுக்கு ஏழு நாள் தைமோல்,
எட்டாம் நாள்தான் நஞ்சு.
மற்ற இரண்டையும் பற்றி இங்கே பேச்சில்லை.

குப்பியைத் திறந்தால்
பேராசிரியர் லூசில் 'பீட்சா' என்பாள்.
மனிடோபாப் பையன் டெரிக்குக்கு அது
பல் டாக்டரின் நாற்காலி.
எனக்கு ஓமம்.
ஒரே மூலக்கூறு, மூன்று மூக்கு.
எலிகளை யாரும் கேட்கவில்லை.

கல்லீரல் என்று எவர் பெயர் வைத்தாரோ.
நுரையீரலில் நுரை சரி,
மண்ணீரலில் மண்ணைக்கூட ஒப்புக்கொள்ளலாம்,
இதில் கல் எங்கே?
கிண்ணத்தில் வைத்தால் நடுங்குகிறது,
கத்தி பட்டால் வழுக்குகிறது.
கல்லையும் ஈரத்தையும் ஒரே சொல்லில் அடைத்தவர்
யாரோடோ நீண்டகாலம்
குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

இன்று கண்ணாடித் தகடுகள்.
மெழுகில் புதைத்து, ஐந்து மைக்ரோன் தடிப்பில் சீவி,
சாயம் ஏற்றிய ஈரல்கள்.
இரண்டாம் குழுவில், நடு நாளத்தைச் சுற்றி,
அறுவடை முடிந்து தீ வைத்த கோதுமை வயல்.
மூன்றாம் குழுவில்
வரிசை குலையாத உயிரணுக்கள்,
ஊதாக் கருக்கள் ஒவ்வொன்றும் அதனதன் வீட்டில்.
அங்கங்கே கருகல் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.
ஆறாம் எலியை எண்ணெய் காப்பாற்றவேயில்லை.
ஏனென்று தெரியாது. எண்ணை மட்டும் குறித்தேன்.

ஒன்பது மணிக்குக் குகதாசன்,
மூஸ் ஜாவில் லொறி நிறுத்தும் இடத்திலிருந்து.
பிரிந்து நாலு வருஷம்.
வரிக்காரரின் கடிதம் வந்தால் அழைப்பான்.
இன்று கடிதம் இல்லை.
"ஸ்கான் எடுத்தவை.
ஈரல் இறுகத் தொடங்கீட்டுதாம்."

அப்போதுதான் அந்தக் கல்
என் கண்ணில் பட்டது.

"உன்ர எண்ணெய் ஒண்டு இருக்கெல்லே,
எலியளுக்குக் குடுக்கிறது.
ஓமத்தண்ணி குடிச்சா வராதோ அது?"

ஓமத்தண்ணி வயிற்றுப் பொருமலுக்கு என்றேன்.
கடையில் விற்கிற எண்ணெயை வாங்கி விழுங்கிவிடாதே,
கூடிப்போனால் அதுவே ஈரலைச் சுடும் என்றேன்.
எலிக்கு எழுதிய அளவை
மனிதனுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை என்றேன்.
குடியை விடு என்று மட்டும் சொல்லவில்லை.
பதினொரு வருஷம் சொன்னது அது,
எந்தக் குழுவிலும் வேலை செய்யாத மருந்து.

"எலியள் எப்பிடி?"
"நல்லா இருக்குதுகள்."
ஈரலை எடுத்த பிறகு எலி எங்கே இருக்கும் என்று
அவன் கேட்கவில்லை.
பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது,
வைத்துவிட்டான்.

மத்தியானம் லூசிலிடம் கேட்டேன்:
ஆறாவது குழு ஒன்று வைக்கலாமா?
முதலில் நஞ்சு, பிறகு எண்ணெய்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இந்த ஆண்டுப் பணம் முடிந்தது என்றாள்.
நாலு எலி போதும் என்றேன்.
நாலு எலியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது
என்று எனக்கே அவள்தான் சொல்லித்தந்தாள்.
அதை இன்று சொல்லவில்லை.
"ஏன், என்ன நடந்தது?" என்றாள்.

நாலரைக்கே இருட்டு.
தரிப்பிடத்தில் என் காருக்குப் பக்கத்தில்
யாருடையதோ ஒரு நீலக் கார்.
வயர் கழன்று பனியில் கிடந்தது,
எப்போது கழன்றதோ.
குனிந்து, தட்டி, செருகினேன்.
கையுறையில் ஓம வாசம்.
உள்ளே எவ்வளவு உறைந்திருக்கும் என்று
வெளியே நின்று சொல்ல முடியாது.